மறைத்த செய்தியும் மறையாத கதிரும்

2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குச் சில நாட்கள் முன்னர், திருவரங்கத்துக்கு வடக்கே பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. திருச்சி மக்கள் திரள்திரளாகச் சென்று பார்த்தோம். ஆறு எதையும் ஒளிப்பதில்லை. எத்தனை படி மூழ்கிற்று என்பதை அம்மா மண்டபத்துப் படித்துறையில் நிற்கும் சிறுவனும் சொல்லிவிடுவான்.

கதிரியக்கத்துக்கு இவ்வியல்பு இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுடுவதும் இல்லை. கருவி காட்டினால்தான் அது இருப்பது தெரியும். கருவி காட்டியதை ஒருவர் எழுதி வைத்தால்தான் பிறர் அறிவர். ஆகவே அணு நிலையங்களில் அறிக்கையை வெறும் அலுவலகத் தாள் என எண்ணுதல் பெரும் பிழை. அங்கே அதுவே கண்.

கல்பாக்கத்தில் நடந்ததை இங்கே நினைவுகூர்தல் தகும். பயன்படுத்திய அணு எரிபொருளை மறுபதப்படுத்தும் ஆலை அங்கு உள்ளது. 2003 ஜனவரி 21 அன்று ஒரு வால்வு பழுதுபட்டு, மிகு கதிரியக்கக் கழிவு, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கென அமைந்த தொட்டியில் கலந்துவிட்டது. மாதிரி எடுக்கச் சென்ற பணியாளர்க்கு இது தெரியாது. அவ்விடத்தில் கதிர்வீச்சைக் காட்டும் கருவி இல்லை. வால்வின் பழுதை உணர்த்தும் ஏற்பாடும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. ஆறு பேர் மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர்.

அதன் பின்னர் நடந்ததே நம்மைப் பெரிதும் வருத்துகிறது. ஊழியர் சங்கத்தினர் முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை எழுத்தில் வைத்தனர், வேலைநிறுத்தமும் செய்தனர். கிளர்ச்சியில் முன்னின்றோர் சிலர்க்குக் கிடைத்த விடை இடமாற்றம். செய்தி இதழ்களில் கசிந்த பின்னர், ஆகஸ்டு மாதத்தில், இந்திய அணுத்துறை வரலாற்றில் கதிர்வீச்சுக்கு ஆளான நிகழ்ச்சிகளுள் இதுவே மிக மோசமானது என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் ஒப்புக்கொண்டார். அப்போதும் பணியாளரின் மிகை ஆர்வமும் கணிப்புப் பிழையும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. கருவி இல்லாத அறைக்குள் சென்றவன்மீது பழி! அம்மையத்தின் நிலையங்கள் 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். தன் பிழையைத் தானே விசாரிக்கும் வீட்டில் எந்தப் பிழை வெளிவரும்?

சொல்லாசிரியர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். பன்னாட்டு அளவுகோலில் அணு நிலையக் கோளாறுகளுக்கு ஏழு படிகள் உண்டு. முதல் மூன்றும் 'நிகழ்வு', நான்கிலிருந்துதான் 'விபத்து'. வல்லுநர்க்கு இப்பகுப்பு தேவையே. ஆனால் 'சிறு நிகழ்வு' என்னும் சொல் ஊராரின் காதில் விழும்போது ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது.

கல்பாக்கம் தொலைவில் உள்ளது, நமக்கென்ன என்று எவரும் இருந்துவிட இயலாது. நம் ஊர்ப் பாய்லர் ஆலை அணுமின் நிலையங்களுக்கு நீராவிக் கலன்கள் செய்து தந்த ஆலை. பற்றவைப்பின் உட்குறையைக் காண இரிடியத்தின் காமாக் கதிர் கொண்டு படமெடுப்பது இத்தொழிலில் வழக்கம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் இவ்வேலைக்குச் சென்றார். உடலில் படும் கதிரை அளக்கும் பேட்ஜைச் சில நாள் பெட்டியில் வைத்துவிட்டே வேலை செய்வதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "அளவு கூடினால் அந்த வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் சார், கூடுதல் படி போய்விடும்" என்றார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஊதியம் குறையும் என்றால் பேட்ஜ் பெட்டிக்குள்தான் கிடக்கும். கதிர் குறித்து அறிவிப்பவருக்கு ஊதிய இழப்பு நேராது என்பதை நிருவாகம் எழுத்திலேயே உறுதி செய்ய வேண்டும்.

அறிவித்தால் மட்டும் போதுமா? 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. இயக்குவோர் நிலைமையைத் தவறாக உணர்ந்து, குளிர்விக்கும் நீரைக் குறைத்தனர். நல்லவேளையாகப் பெருங்கேடு விளையவில்லை. உலையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எச்சரித்துக் குறிப்பும் எழுதினர். அக்குறிப்பு மேசைக்கு மேசை நகர்ந்ததே ஒழிய, பிற நிலையங்களின் இயக்குவோரை எட்டவில்லை. 1979 மார்ச் 28 அன்று மூன்று மைல் தீவில் அதே வகை வால்வு, அதே தவறு. உலைக்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. அறிக்கை இருந்தது, திருத்தம் இல்லை.

நம் நாட்டில் 1983இல் தோன்றிய ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்ட அதிகாரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் குறை கூறினார். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் அவ்வாரியத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. தனியார்க்கும் அணுமின் துறையில் கதவு திறந்தது. ஆதாயம் நோக்கும் இடத்தில் குறையை மறைக்கும் ஆசை மிகும் என்பதே நம் அச்சம். எனவே ஒவ்வொரு கோளாறும் இத்தனை நாளுக்குள் வெளியிடப்படவேண்டும், அதற்குச் செய்த திருத்தம் என்ன, அதைச் சரிபார்த்தவர் யார் என்பனவும் உடன் வரவேண்டும் என்று விதி செய்தல் நன்று. அவ்வறிக்கை சுற்றுவட்டாரத்து மக்களின் மொழியில் இருக்கவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி தான் கண்ட குறையைத் தன் தமிழிலேயே எழுதித் தர இடமிருக்க வேண்டும். உயிர் பற்றிய செய்தி அமானிதம் போன்றது. உரியவரிடம் சேர்க்கும்வரை அது நம் பொறுப்பே.

நம் துறை மாணவர் சிலர் இயற்பியல் துறையாருடன் கூடி, அத்தகைய படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்த்து வருகின்றனர். என்ன கண்டீர், யாரிடம் சொன்னீர், அதன்பின் என்ன செய்தார்கள் என மூன்றே வினாக்கள். மூன்றாம் வினாவுக்குக் கீழே கூடுதல் வரிகள் விடச் சொல்லியிருக்கிறோம்.