டச்சு மொழியில் எங்கே வெட்டுவது?

டச்சு மொழியில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறித்தால் இடைவெளியே விடாமல் ஒட்டி எழுதிவிடுவார்கள். பழகிய கண்ணுக்குச் சரி. புதிதாகப் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்!

'டைக்ராம்ப்' என்று ஒரு சொல். 'டைக்' என்று வெட்டினால் வெள்ளத் தடுப்புக் கரையில் நேர்ந்த பேரழிவு. ஓர் எழுத்து முன்னால் வெட்டினால் தொடைப் பிடிப்பு! 1953 வெள்ளத்தில் 1,836 பேரைப் பறிகொடுத்த நாட்டில் இரண்டும் ஒன்றா?

இதில் உச்சரிப்பாவது கிட்டத்தட்ட ஒன்று. மசாஜ் கட்டிலுக்கும் கூட்டுப் பிரார்த்தனைக்கும் அச்சில் அதே பத்து எழுத்துகள். ஆனால் கட்டில் என்றால் நடுவில் வரும் 'ஜி' எழுத்து 'ஜ' போல ஒலிக்கும். பிரார்த்தனை என்றால் தொண்டையைச் செருமுவது போல. அழுத்தம் விழும் இடமும் வேறு. ஆக, பொருள் புரிந்தால்தான் வாயே திறக்க முடியும்.

சிலர் ஆங்கில பாணியில் இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அதற்கு அங்கே 'ஆங்கில நோய்' என்றே பெயர் (எலும்பு வளைகிற ரிக்கெட்ஸுக்கும் அதே பெயர்தான்). நோய்தான், சந்தேகமில்லை. நெடுந்தூர ஓட்டக்காரரைக் குறிக்கும் சொல்லில் 'லாங்கெ'வுக்குப் பிறகு இடைவெளி விட்டால், அவர் உயரமான தூர ஓட்டக்காரர் ஆகிவிடுகிறார்!

குழப்பம் வரும் இடத்தில் நடுவே ஒரு சிறுகோடு போட எழுத்து விதியே அனுமதிக்கிறது. 'பொம்மெல்டிங்' என்பது வெடிகுண்டு எச்சரிக்கை. அதையே 'பொம்மெல்', 'டிங்' என்று வெட்டி ஏதோ ஒரு சாமான் என்று படித்துத் தொலைக்கலாம். பொது அறிவிப்புகளிலாவது அந்தக் கோட்டைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?