ஜூம் இல்லையென்றால் அது கேமராவே இல்லையா?

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலைப் பக்கம் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "ஜூம் இல்லாத லென்ஸா? இதை வைத்துக்கொண்டு என்னத்தை எடுப்பாய்?" பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் மாட்டி வருகிற மாணவனிடம் கேட்கப்படுவது இது. கேட்பவர்களுக்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு.

அந்த லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தைச் சுமார் 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். அப்புறம் வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆட்டோஃபோகஸ் தேடித் தடுமாறுவதற்குள் இவன் ஃபிலிமையே நகர்த்தியிருப்பான்.

"தீபம் புள்ளியாகத்தானே தெரியும்?" உண்மைதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து மலை சுமார் 20 கி.மீ. 2,668 அடி மலையே ஃபிலிமில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் வரும். ஜோதியைப் பெரிதாகப் பிடிக்க டெலி லென்ஸ்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம்தான் வருடாவருடம் எல்லா நாளிதழிலும் வருகிறதே! வாசலெல்லாம் அகல் விளக்கு, தெருவே ஒரே திசை பார்த்துக் கும்பிடுவது... இதை யார் எடுப்பது? இருட்டில் எஃப் 8 போதாதுதான். கேமராவைத் திண்ணையில் வைத்து ஷட்டரைச் சில வினாடி திறந்து வையுங்கள். ஆட்கள் கொஞ்சம் கலங்குவார்கள், விளக்குகள் அசையாமல் நிற்கும்.

1950-இல் ரமணரின் கடைசி நாட்களில் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெசோன், வாழ்நாளில் பெரும்பாலும் லைக்காவில் ஒரே 50 மி.மீ. லென்ஸைத்தான் நம்பினார். அது அகலக்கோணம் இல்லைதான், ஆனால் ஜூமும் இல்லை. கிட்டே வேண்டுமென்றால் காலால் நடந்து போனார்.

வணிகவியல் மாணவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' தெரியும். தவணையில் வாங்கும் ஜூம் லென்ஸின் விலை என்பது, வாங்காமல் விட்ட ஃபிலிம் சுருள்களின் விலை. சுருளுக்கு 36 படம். கை பழகுவது அதில்தான், கடைக்காரர் தரும் ரசீதில் இல்லை.

இன்னொன்று. இன்று கேலி செய்பவர்களின் செல்போனில் இருக்கும் பிரதான கேமராவும் ஏறக்குறைய இதே அகலக்கோணம்தான். அதில் எடுத்தால் கலை, ஃபிலிமில் எடுத்தால் பஞ்சமா? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரியுங்கள் சார்!