தங்கவயல் கோயில்களைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காரப்பேட்டையை அடைவதற்குள், ஜன்னலோரம் உட்கார்ந்தவன் தங்கவயலின் பாதிச் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம். சயனைடு மண்மேடுகள், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், வரிசை வரிசையாக லைன் வீடுகள், இடையிடையே சிலுவைகள். பெங்களூருக்குக் கூலிக்கும் ஆபீசுக்கும் ஓடுகிறவர்களில் பலர் அந்தச் சிலுவையைக் கண்டதும் நெற்றியைத் தொட்டுக் கும்பிடுவார்கள். இந்துக்களும் கும்பிடுவார்கள். அது தங்கவயலின் வழக்கம்.

ஆனால், "தாத்தா, இந்தக் கோயில் மட்டும் ஏன் இப்படிக் கூராக இருக்கிறது?" என்று ஒரு பேரன் கேட்டுவிட்டால், "வெள்ளைக்காரன் கட்டினது அப்படித்தான்டா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பதில் போதாது என்பது மட்டுமல்ல, அது சரியான பதிலும் அல்ல. திட்டம் போட்டவர் வெள்ளைக்காரராக இருக்கலாம். கல் சுமந்தவரும் சுண்ணாம்பு குழைத்தவரும் யார்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த ஏழை மக்கள்தாமே? அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் உழைப்பில் எழுந்த ஒன்றை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கே படிக்கத் தெரியவில்லை என்றால் அது வருந்தத்தக்கது.

கோயில் கட்டடம் என்பது எழுத்தறியாதவனுக்காக எழுதப்பட்ட புத்தகம். அதன் எழுத்துக்கள் கடினமானவை அல்ல. பழைய முறைப்படி கட்டிய கோயில்களின் பீடம் பெரும்பாலும் கிழக்கு நோக்கி இருக்கும். உதிக்கும் சூரியனை உயிர்த்தெழுந்த கிறிஸ்துவுக்கு அடையாளமாகக் கொண்டது இதற்குக் காரணம். இடம் அமையாதபோது இந்த விதி தளர்த்தப்பட்டதும் உண்டு. ரோமாபுரியின் பேதுரு ஆலயத்திலேயே வாசல்தான் கிழக்கே இருக்கிறது. பெரிய கோயில்களை மேலிருந்து பார்த்தால் சிலுவை படுத்திருப்பது போலத் தெரியும். மைசூர் பிலோமினாள் ஆலயம் இதற்கு நல்ல சான்று. மக்கள் அமரும் நீண்ட நடுக்கூடத்துக்கு லத்தீனில் கப்பல் என்றே பெயர். புயலில் அகப்பட்டவர்களைக் கரை சேர்க்கும் கப்பல் என்பது அதன் பொருள்.

ஞானஸ்நானத் தொட்டி பல இடங்களில் வாசலுக்கு அருகே இருக்கும். சபைக்குள் நுழையும் முதல் படி அதுதான் என்பதைக் காட்டவே அந்த இடம். அது எட்டுப் பட்டையாக இருந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. ஏழு நாளில் உலகம். எட்டாம் நாள் உயிர்ப்பின் புதிய நாள். பீடத்தில் காணும் ஐ.எச்.எஸ். என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை கிரேக்க மொழியில் இயேசுவின் பெயரில் வரும் முதல் மூன்று எழுத்துக்கள். கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைப் பேழையருகே அணையாமல் எரியும் விளக்கும், பாடுபட்ட உருவத்தோடு கூடிய சிலுவையும் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்ட் ஆலயங்களில் வெறும் சிலுவையையும், பிரசங்க மேடைக்குத் தனி மதிப்பையும் காணலாம். இரண்டு சபைகளின் நம்பிக்கையில் உள்ள வேறுபாடு சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கூர்மையான வளைவுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்கு அருகே சேன் தெனி ஆலயத்தில் தொடங்கிப் பரவிய பாணி இது. கூர்வளைவு மேற்கூரையின் பாரத்தைக் கீழ்நோக்கித் திருப்பி, தூண்களுக்கும் வெளிப்புற முட்டுச் சுவர்களுக்கும் கடத்திவிடுகிறது. அதனால் சுவரை மெல்லியதாக்கலாம், உயரமாக்கலாம், பெரிய கண்ணாடி ஜன்னல்கள் வைத்து வெளிச்சத்தை உள்ளே அழைக்கலாம். இந்தக் கணக்கைத் தங்கவயல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, தலைக்கு மேல் நிற்கும் பாறைக்கு மரத்தாலும் கருங்கல்லாலும் முட்டுக் கொடுத்தவன் அவன். பாரம் எங்கே இறங்கும், எங்கே தாங்கும் என்பதை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவன் அவன். கோதிக் கோயில் கட்டிய கொத்தனாரும் சாம்பியன் ரீப் சுரங்கத் தொழிலாளியும் ஒரே பாடத்தை, ஒருவர் வானத்தை நோக்கியும் ஒருவர் பாதாளத்தை நோக்கியும் படித்திருக்கிறார்கள்.

கோயில்களின் பெயர்களும் கதை சொல்கின்றன. சாம்பியன் ரீப் கத்தோலிக்க ஆலயம் வெற்றி மாதாவின் பெயரைத் தாங்கியது. 1571 அக்டோபர் 7ஆம் தேதி லெபாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றியை நினைத்து, பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் ஏற்படுத்திய திருநாளிலிருந்து பரவிய பெயர் அது. கடலே இல்லாத ஊருக்குக் கடற்போரின் பெயர் வந்து சேர்ந்தது. ராக்பர்ஸ்ட் என்ற பாறை வெடிப்பில் யார் வீட்டு விளக்கு அணையுமோ என்று அஞ்சி வாழ்ந்த லைன்களில், ஷிப்டு முடிந்து கேஜில் உயிரோடு மேலே வருவதைவிட வேறு வெற்றி எது?

உரிகத்தில் உள்ள ஆங்கிலிக்கன் ஆலயம் தூய மிக்கேலின் பெயரைக் கொண்டது. வலுசர்ப்பத்தை மிதித்து நிற்கும் அதிதூதரின் பெயர் இது. உலகெங்கும் சுரங்கத் தொழிலாளர் கொண்டாடும் புனிதை பார்பராவும் நினைவுக்கு வருகிறார். அவரைச் சிறைவைத்ததாகச் சொல்லப்படும் கோபுரமும், திரியேகத்தைக் குறிக்கும் மூன்று ஜன்னல்களுமே அவருடைய அடையாளம். சரித்திர ஆதாரம் போதவில்லை என்று 1969ல் கத்தோலிக்கப் பொது நாட்காட்டியிலிருந்து அவர் திருநாள் நீக்கப்பட்டது. ஆயினும் டிசம்பர் 4ஆம் தேதியைப் பல நாட்டுச் சுரங்கக்காரர்கள் விடவில்லை.

இந்தப் புத்தகத்தில் கசப்பான பக்கங்களும் உண்டு. அவற்றை மறைக்கக்கூடாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயில் 1872ல் கட்டப்பட்டபோது, இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் பூசை காண இரண்டு நடுக்கூடங்களும் நடுவே சுவரும் வைத்துக் கட்டினார்கள். கால்சட்டைக் கோயில் என்று பெயர் எடுத்தது அது. 1910ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தங்கவயலிலும் கம்பெனி காலத்தில் துரைமார் கூடிய கோயில் வேறு, லைன் மக்கள் கூடிய கோயில் வேறு. யாருக்கு நாற்காலி, யாருக்குத் தரை, யாருக்கு வாசற்படி என்பதையும் ஒரு கட்டடம் சொல்லும். 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பின், சுவரைப் பார்த்து நின்ற குரு மக்களைப் பார்த்துத் திரும்பினார், லத்தீன் போய்த் தமிழ் வந்தது. பழைய பீடம் பின்னாலும் புதிய மேசை முன்னாலுமாக இருக்கும் கோயில்களில் அந்த மாற்றத்தின் இரண்டு காலங்களையும் ஒரே பார்வையில் காணலாம்.

இன்று இதைப் பேச வேண்டிய அவசரம் என்ன? 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்குக் குறையாத தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிற்று. தோண்டியவன் கையில் என்ன மிஞ்சியது? குழிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டது. இயந்திரங்கள் கம்பெனிக்குச் சொந்தம், பங்களாக்கள் அதிகாரிகளுக்குச் சொந்தம். லைன் மக்கள் தங்களுக்கென்று எழுப்பியவை வழிபாட்டு இடங்கள்தாம். மாரியம்மன் கோயிலும், மசூதியும், அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் மாரிக்குப்பத்தில் நடத்திய பௌத்த சங்கமும், இந்தக் கிறிஸ்தவ ஆலயங்களும் அந்த வரிசையில் வருபவை. தொழிலாளி விட்டுச்சென்ற சொத்துப் பத்திரம் இதுவே.

இந்தப் பத்திரத்தின் மேல் கிரானைட் ஒட்டுவதும், பழைய கல்வெட்டை உடைத்து அஸ்திவாரத்தில் போடுவதும் இப்போது பல ஊர்களில் நடக்கின்ற காரியங்கள். ஒழுகும் கூரையின் கீழ் கிழவர்கள் நனைய வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெங்களூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பிக் கோயிலைப் புதுப்பிப்பதும் அன்பினால்தான். கட்டடமா திருச்சபை, மக்கள்தானே திருச்சபை என்பாரும் உண்டு. அதுவும் சரியே. ஆனால், அந்த மக்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பதற்குக் கட்டடம் சாட்சி. பிழைக்க வந்த மாநிலத்தில் மூன்று தலைமுறை கழித்தும் "நீ எந்த ஊர்?" என்று கேட்கப்படும் தமிழனுக்குச் சாட்சி தேவையில்லை என்று யார் சொல்வார்?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒவ்வொரு கோயிலும் தன் வரலாற்றையும் தன் அடையாளங்களின் பொருளையும் ஒரு பக்கத்தில் எழுதி வாசலில் மாட்டலாம். தமிழில் ஒன்று, பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளுக்காகக் கன்னடத்தில் ஒன்று. இடிக்கும் முன்பும் பூசும் முன்பும் படம் எடுத்து வைக்கலாம். பழைய அஸ்திவாரக் கல்லையும் கல்லறைப் பலகைகளையும் புதிய சுவரில் பதித்து வைக்கலாம். ஞானோபதேச வகுப்பிலும் ஞாயிறு பள்ளியிலும் வருடத்தில் ஒரு நாள், பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச்சொல்லிக் கோயிலைச் சுற்றி நடத்திக் காட்டலாம். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை உடன் அழைத்துக்கொண்டால் பாடம் தானே நடக்கும்.

அப்போது ரயிலில் பேரன் கேட்கும் கேள்விக்குத் தாத்தாவிடம் வேறு பதில் இருக்கும். "பாரம் தாங்கத்தான்டா அப்படிக் கட்டியிருக்கு. கீழே நாங்களும் அப்படித்தான் தாங்கினோம்" என்று அவர் சொல்லலாம்.