வேலை மாறலாம், ஓடக் கூடாது!

"அம்மா! பக்கத்துக் கம்பெனியில் 500 ரியால் கூடுதலாகத் தருகிறார்களாம். போகட்டுமா?"

சவுதி அரேபியாவில் இருந்து மகன் டெலிபோனில் கேட்கிறான்.

அம்மா என்ன சொல்வாள்? 500 ரியால் என்றால் நம் பணத்தில் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல். வீட்டிலே வட்டிக் கடன் இருக்கிறது. மகளுக்கு வரன் பேசி வைத்திருக்கிறது. "போ, ராசா! நாலு காசு சேரட்டும்" என்றுதான் சொல்வாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால், ஒரு கேள்வியை அவள் கேட்கவில்லை. "பர்மிட் மாற்றியாகி விட்டதா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

அதைக் கேட்காததால் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் விட்டு இருக்கின்றன.

கபீல் யார்?

நம் ஊரில் ஒரு கடை பிடிக்கவில்லை என்றால், மறுநாளே வேறு கடைக்குப் போய்விடலாம். யாரும் தடுக்க முடியாது.

வெளிநாட்டில் அப்படி அல்ல. அங்கே வேலை செய்யும் உரிமையும், தங்கி இருக்கும் உரிமையும் ஒன்றாகக் கட்டப்பட்டு இருக்கின்றன. பர்மிட்டில் முதலாளியின் பெயர் இருக்கும். அந்த முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம்.

வளைகுடா நாடுகளில் இந்த முதலாளிக்கு "கபீல்" என்று பெயர். பொறுப்பு ஏற்றவர் என்று அர்த்தம். தொழிலாளியை நாட்டுக்குள் வரவழைத்தவர் அவர்தான்.

முன்பெல்லாம் கபீல் வைத்ததுதான் சட்டம். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது. சில நாடுகளில், அவர் அனுமதி இல்லாமல் ஊருக்குத் திரும்பவும் முடியாது. சம்பளம் தராமல் இழுத்தடித்தாலும், தொழிலாளி வாய் திறக்க முடியாமல் இருந்தான்.

ஓடினால் என்ன ஆகும்?

கும்பகோணம் பக்கத்து வாலிபர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சவுதிக்குப் போய் 14 மாதம் ஆகிறது. ஒரு நாள் இரவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்.

முதல் மாதம் சம்பளம் வந்தது. வீட்டிலே எல்லோருக்கும் சந்தோஷம்.

பழைய முதலாளி சும்மா இருப்பாரா? "என் ஆள் வேலைக்கு வரவில்லை" என்று புகார் கொடுத்துவிட்டார். கடைசியில் அந்த வாலிபர் ஓடிப்போனவர் ஆகிவிட்டார்! "இகாமா" என்கிற குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வழி இல்லை. போலீஸ்காரரைக் கண்டாலே பயம். காய்ச்சல் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்.

புது முதலாளிக்கு இது தெரியும். மூன்றாவது மாதம் சம்பளத்தைக் குறைத்தார். "இஷ்டம் இருந்தால் இரு. இல்லாவிட்டால் போலீசிடம் போ!" என்றார்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனது. அண்ணனால் வர முடியவில்லை. பிடிபட்டால் அபராதம், சிறைவாசம், நாடு கடத்தல். மீண்டும் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகவும் தடை வரலாம்.

இதில் வேதனை என்ன தெரியுமா? அவர் ஓட வேண்டிய அவசியமே இல்லை. சட்டப்படியே மாறி இருக்கலாம். அது அவருக்குத் தெரியவில்லை!

சட்டம் மாறியது

சவுதி அரேபியாவில் 2021 மார்ச் 14-ந்தேதி புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. தனியார் கம்பெனியில் ஓராண்டு வேலை பார்த்தவர், முதலாளி சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால், முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். "கிவா" என்ற அரசாங்க இணையதளம் மூலம் புதுக் கம்பெனி கேட்க வேண்டும். தொழிலாளி அதிலேயே சம்மதம் சொல்ல வேண்டும். தொடர்ந்து 3 மாதம் சம்பளம் தராவிட்டால், ஓராண்டு வரை காத்திருக்க வேண்டியது இல்லை.

கத்தார் நாடு, 2020-ம் ஆண்டில் "ஆட்சேபணை இல்லை" என்ற சான்றிதழையே ஒழித்துவிட்டது. 2 ஆண்டு வரை வேலை பார்த்தவர் 1 மாத அறிவிப்பும், அதற்கு மேல் வேலை பார்த்தவர் 2 மாத அறிவிப்பும் கொடுத்துவிட்டு மாறலாம்.

துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு நாட்டில் 2022 பிப்ரவரி 2-ந்தேதி புதிய தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்தது. சோதனைக் காலம் 6 மாதத்துக்கு மேல் கூடாது. அந்தக் காலத்திலேயே அங்குள்ள வேறு கம்பெனிக்குப் போக விரும்பினால், 1 மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆள் எடுத்த செலவைப் பழைய முதலாளிக்குப் புது முதலாளி தர வேண்டும். தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் முதலாளிக்கு உரிமை இல்லை.

பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அங்கே என்ன தண்டனை தெரியுமா? குறைந்தது 1 லட்சம் திர்ஹாம் அபராதம்! 2024-ம் ஆண்டில் இப்படிக் கடுமையாக்கினார்கள்.

வளைகுடாவுக்கு வெளியே, நம்மவர்கள் நிறைய வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் பர்மிட்டில் முதலாளி பெயர்தான் இருக்கும். பர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை இருக்கும்போது புது முதலாளி மனுச் செய்தால், கட்டிடத் தொழிலாளிக்குப் பழைய முதலாளியின் சம்மதம் தேவை இல்லை.

ஆகவே, கதவு திறந்துதான் இருக்கிறது. அப்படி இருக்க, சுவர் ஏறிக் குதிப்பானேன்?

இது நியாயமா?

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "பணம் செலவழித்து ஆளை வரவழைக்கிறோம். வந்த மறுநாளே அவன் போய்விட்டால் எங்கள் கதி என்ன?" என்று கேட்கிறார்கள். சரிதான். அதற்காகத்தான் அறிவிப்புக் காலமும், செலவுத் தொகையும் சட்டத்தில் இருக்கின்றன. அதோடு கணக்கு தீர்ந்தது. ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் கட்டி வைக்க, அது காரணம் ஆகாது.

சவுதியில் 2021-ல் வந்த விதிகள், வீட்டு வேலை செய்கிறவர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனி வீட்டுக்குள்ளும், பாலைவனத்திலும் ஒற்றை ஆளாகக் கிடப்பவர்கள் இவர்கள்தான். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டுமோ, அவர்களை விட்டுவிடலாமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. சம்பளம் கேட்ட தொழிலாளி மீது, "ஓடிப்போனான்" என்று பொய்ப் புகார் கொடுக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். இதை மனித உரிமை அமைப்புகள் பல தடவை எடுத்துக்காட்டி இருக்கின்றன. புகார் வந்ததும் தொழிலாளியையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பொய் என்றால், புகார் கொடுத்தவரைத் தண்டிக்க வேண்டும். இதை நமது அரசாங்கம் அந்த நாடுகளிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

எப்படி மாறுவது?

வேலை மாற நினைப்பவர்கள் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது வேலைக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வாங்குங்கள். வாய்ப் பேச்சை நம்பாதீர்கள்.

பழைய கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள். அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக் காலம் முடியும் வரை தினமும் வேலைக்குப் போங்கள். கோபத்தில் ஒரு நாள் கூட நின்றுவிடாதீர்கள்.

பாக்கிச் சம்பளத்தையும், சேவைத் தொகையையும் கணக்குத் தீர்த்து வாங்குங்கள். பணம் கைக்கு வராமல், "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

புது பர்மிட் உங்கள் பெயருக்கு வந்த பிறகே புது இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். "முதலில் வேலைக்கு வா. பர்மிட் பிறகு போடலாம்" என்பார் புது முதலாளி. அந்த வலையில் விழாதீர்கள்!

சம்பளம் தராவிட்டாலோ, அடித்தாலோ அந்த நாட்டுத் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இந்தியத் தூதரகத்துக்கும் போகலாம். குடும்பத்தார் ஊரில் இருந்தபடியே மத்திய அரசின் "மதத்" இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசிலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனி இலாகா இருக்கிறது.

குடும்பத்தாரே, கேளுங்கள்!

மகன் ஏன் ஓடுகிறான்? பெரும்பாலும் கடனுக்குப் பயந்துதான் ஓடுகிறான். அந்தக் கடன் எப்படி வந்தது? ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்ததால் வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜெண்டு 30 ஆயிரம் ரூபாயும், அதற்கு உரிய வரியும்தான் கட்டணமாக வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு, "சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு" என்று பிள்ளையை விரட்டினால் அவன் என்ன செய்வான்?

இரண்டு மாதம் பொறுத்தால் வட்டி கொஞ்சம் ஏறும். அதைக் கட்டிவிடலாம். பிள்ளை அந்நிய நாட்டில் ஒளிந்து திரிந்தால், அந்த நஷ்டத்தை எதைக் கொண்டு கட்டுவது?

அடுத்த தடவை மகன் பேசும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால், "பர்மிட் யார் பெயரில் இருக்கிறது, ராசா?" என்று கேளுங்கள்.

அவன் நிமிர்ந்து நடந்து வீடு வந்து சேர, அந்த ஒரு கேள்வி துணை நிற்கும்.