ஆறு சூழ்ந்த ஊரில் நீந்த இடமில்லை

தென்புறம் காவிரி, வடபுறம் கொள்ளிடம், நடுவே கிடப்பது திருவரங்கம். இத்தீவிற் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியவில்லை என்றால் அதனினும் நாணத்தக்கது யாதுளது? மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமா என்பர். அரங்கத்து மீன்குஞ்சுகட்குக் கற்பிக்கத்தான் வேண்டியுள்ளது. வகுப்பில், நீந்தத் தெரிந்தவர் கைதூக்குக என்றால் உயரும் கைகள் மிகச் சிலவே. பெண்பிள்ளைகள் பக்கம் ஒன்றுமே உயர்வதில்லை.

இது வெறும் பொழுதுபோக்குக் குறையன்று, உயிர்க்குறை. ஆற்றிலிறங்கிய இளைஞர் மாண்டார் என்னும் செய்தி ஆண்டு தவறாமல் நாளிதழில் வருகின்றது. மணலை வரைமுறையின்றி அள்ளியதால் ஆற்றின் அடியிற் பள்ளங்கள் விழுந்துள்ளன. முழங்காலளவு நீர் அடுத்த அடியில் ஆளை விழுங்குகின்றது. முக்கொம்பிலிருந்து மிகைநீர் திருப்பப்பட்டால் வறண்டு கிடந்த கொள்ளிடம் பெருக்கெடுக்கின்றது. இத்தனைக்கும் அதிகாரிகள் செய்வது, குளிக்காதீர் என்றொரு பலகை நாட்டுவது. பலகை எவனுக்கு நீந்தக் கற்பிக்கும்?

நம் முன்னோர் ஆற்றை இவ்வாறு அஞ்சி ஒதுங்கினாரல்லர். உறையூரை அடுத்தோடிய காவிரிப் பெருக்கில், வேழக்கோலாற் கட்டிய புணையைத் தழுவித் தலைவன் புனலாடியதை அகநானூற்றில் பரணர் பாடினார். (அவன் யாரோடு ஆடினான் என்பது வேறு வழக்கு; அதனைத் தலைவி பார்த்துக்கொள்வாள்!) நாம் நோக்க வேண்டியது அப்புணையை. புனலில் இறங்கியவர் கையில் மிதவை இருந்தது. நம் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பிள்ளைகளைப் பழக்கினர். அவ்வூர்க் கல்வி அற்றுப்போயிற்று. அதன் இடத்தில் அரசு எதனை வைத்தது?

சிராப்பள்ளியில் அண்ணா விளையாட்டரங்கம் உள்ளது. நீச்சற் குளமும் உண்டு. போட்டியிற் கலந்துகொள்ளும் இளைஞர்க்கு அது வேண்டற்பாலதே. ஆயின் அரங்கத்துப் பூக்கட்டுவோர் மகன் பேருந்துக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் ஈந்து நாள்தோறும் அங்குச் சென்று மீள்வானா? 1994-இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்து மாநகராட்சி ஆக்கினர். ஊர்கள் இணைந்தன, பொதுவசதிகளும் ஊர்தோறும் பரவினவா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. காலையில் உலவப் புறப்படும் முதியோர், சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் ஊர்திகட்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கின்றனர். உய்யக்கொண்டான் கரையில் நடைபாதை போட்டது நன்றே. கால்வாயிற் கலக்கும் கழிவுநீரை நிறுத்தினால் மூக்கைப் பொத்தாமலும் நடக்கலாம்.

ஐந்து முதல் பதினேழு அகவை வரையுள்ள பிள்ளைகட்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரமாவது உடலுழைப்பு வேண்டுமென 2020-இல் உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்தது. பள்ளிகளிலோ உடற்பயிற்சிப் பாடவேளை என்பது கணக்காசிரியர் கடன்வாங்கித் திருப்பித் தராத பாடவேளை. மாலை மணியடித்ததும் வாயிற்கதவும் பூட்டப்படுகின்றது. பொதுப்பணத்தில் அமைந்த பள்ளித்திடல்களை இரவு எட்டு மணிவரை ஊர்ப்பிள்ளைகட்குத் திறந்துவிடுக. இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு காவலரும் இரண்டு விளக்குகளும் போதும்.

பெரிய வேலை ஒன்று உண்டு. அம்மா மண்டபப் படித்துறையில் நீராடுவோரும் நீத்தார் கடன் செய்வோரும் நெருங்குவர். அங்கு நீச்சல் பழக்க இயலாது. அதனின்று விலகிய ஒரு கரையிடத்தில், ஆற்று நீரை வடிகட்டி உள்ளே விடும் ஆழமில்லாத் தொட்டி ஒன்றை மாநகராட்சி கட்டுக. இடுப்பளவு நீர் போதும். மிதவைகளும் கயிறும் உயிர்காப்போரும் எந்நேரமும் இருத்தல் வேண்டும். கட்டணம் கூடாது. பெண்பிள்ளைகட்குத் தனிவேளையும் பெண் பயிற்றுநரும் மறைவான உடைமாற்றறையும் அமைக்கப்படல் வேண்டும். இவை இன்றேல் தாயார் எவரும் மகளை அனுப்பார்.

மேட்டூர் அணையை வழக்கமாகச் சூன் 12-இல் திறந்து சனவரி 28-இல் மூடுவர். மூடியபின் ஆறு மணல்வெளியாகிக் கிடக்கும் மாதங்களே கரையில் வேலை செய்யத் தக்கவை. மாமன்ற உறுப்பினரை இப்பொழுதே நேரிற் கண்டு கேளுங்கள். நீர் வந்தபின் கேட்டால், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்பார்.