பெரிய லாரிக்குக் குளிர்; சின்ன வண்டிக்கு வெயில்!

மார்த்தாண்டம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இப்போது இரண்டு விதமான டிரைவர்களைப் பார்க்கலாம்.

ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளுகுளு என்று உட்கார்ந்து வருவார். அவர் புது லாரி டிரைவர்.

இன்னொருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே வருவார். அவர் பழைய "பிக்கப்" வேன் டிரைவர்.

இரண்டு பேரும் ஓட்டுவது ஒரே சாலை. அடிப்பதும் ஒரே வெயில். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

சட்டம் போட்ட கோடு

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. புதிதாகச் செய்யும் லாரிகளில், டிரைவர் உட்காரும் அறைக்கு "ஏர் கண்டிஷன்" கட்டாயம் என்பதே அந்த உத்தரவு. லாரி செய்யும் கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது. 2025-ம் ஆண்டில் உத்தரவு அமலுக்கு வந்தது.

நல்ல உத்தரவுதான். ஆனால் அதில் ஒரு கோடு இருக்கிறது.

வண்டியின் எடை, ஏற்றும் பாரம் இரண்டும் சேர்ந்து 3,500 கிலோவுக்கு மேல் போக அனுமதி உள்ள வண்டிகளுக்கே அது பொருந்தும். அதற்கு உட்பட்ட சின்ன வண்டிகளுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கும் பொருந்தாது.

மார்த்தாண்டம் பக்கத்தில் வாழைக்குலை, ரப்பர் ஷீட், மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் சந்தைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் சின்ன வண்டிகள்தான். சந்து பொந்துகளிலும் தோட்டத்துப் பாதைகளிலும் பெரிய லாரி நுழையாது. உழைக்கும் வண்டி கோட்டுக்கு வெளியே நிற்கிறது!

வியர்வை காயாத ஊர்

"கன்னியாகுமரி ஜில்லா குளிர்ச்சியான ஜில்லா ஆயிற்றே! இங்கே எதற்குக் குளிர்சாதனம்?" என்று சிலர் கேட்கலாம்.

வேலூரைப்போல இங்கே வெயில் கொளுத்துவது இல்லை. அது உண்மை. ஆனால் ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் மலை. இரண்டு பருவ மழையும் பெய்கிற பூமி. காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது.

மனித உடலின் சூடு 37 டிகிரி. அதற்கு மேல் ஏறாமல் காப்பது வியர்வைதான். வியர்வை காய்ந்தால் உடல் குளிரும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் வியர்வை காயாது. அதைத்தான் புழுக்கம் என்கிறோம்.

இந்தப் புழுக்கத்தோடு எஞ்சின் சூடும் சேருகிறது. நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் காற்றும் வராது. களைப்பு வரும். கவனம் குறையும். கண் சொக்கும். ஒரு விநாடி கண் மூடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே குளிர்ச்சி என்பது ஆடம்பரம் அல்ல. பிரேக்கைப்போல அதுவும் ஒரு பாதுகாப்பு.

பெல்ட்டைக் கழற்றிய காலம்

மோட்டார் வண்டிக்குள் குளிர்சாதனம் வந்தது 1939-ல். அமெரிக்காவில் "பாக்கார்டு" என்ற கம்பெனி தன் காரில் அதை வைத்து விற்றது. அந்தச் சாதனம் பெட்டி வைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாகவே அது இருந்தது.

ஆனால் அதன் தத்துவம் நம் வீட்டு மண்பானையின் தத்துவம்தான். பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. குளிர்சாதனத்தில் தண்ணீருக்குப் பதில் ஒரு "காஸ்" அந்த வேலையைச் செய்கிறது. அதை அழுத்தி மீண்டும் திரவமாக்க "கம்ப்ரசர்" வேண்டும். கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின்.

பழைய வண்டி தாங்குமா?

தாங்கும். ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

கம்ப்ரசர் எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது அது தெரியும். டீசலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

குளிர்சாதனத்தின் முன்பக்கப் பகுதி ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் எஞ்சின் கொதிக்கும். ஆகவே முதல் வேலை ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது.

அடுத்தது மின்சாரம். பழைய வயரும் பலம் குறைந்த பாட்டரியும் மின்விசிறிகளை இழுக்க மாட்டா.

மூன்றாவது, கதவு ரப்பரும் தரை ஓட்டைகளும். அவற்றை அடைக்காமல் குளிர் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

மிகப் பழைய சாதனங்களில் "ஆர்-12" என்ற காஸ் இருந்தது. அது பூமியைக் காக்கும் ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987-ல் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் கூடி, அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தன. பின்பு "ஆர்-134ஏ" வந்தது. ஒன்றின் இடத்தில் மற்றதைக் கலந்து ஊற்றினால் சாதனம் கெடும்.

இன்னொன்று: பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். டி.என். 75 எண் வண்டிக்காரர்கள், வேலை தொடங்கும் முன்பு மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

யார் செலவு?

கேள்வி இதுதான். பெரிய லாரியின் செலவு புது வண்டி விலையில் சேர்ந்துவிடுகிறது. பழைய வண்டிக்காரர் தம் கையிலிருந்து போட வேண்டும்.

சின்னவர்கள் விட்டுப்போவது புதிது அல்ல. மோட்டார் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ல் ஒரு சட்டம் வந்தது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றும் அது சொன்னது. ஆனால் 5 பேராவது வேலை செய்யும் இடங்களுக்காகவே அது எழுதப்பட்டது. தம் வண்டியைத் தாமே ஓட்டுகிறவருக்கு முதலாளி யார்? அவரே! அவருக்கு ஓய்வு கொடுக்க யார் இருக்கிறார்கள்?

3,500 கிலோ கோட்டைக் கீழே இறக்கினால் புதிய சின்ன வண்டிகளுக்கும் குளிர் கிடைக்கும். பழைய வண்டிக்காரர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால் அவர்களும் பிழைப்பார்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கூரையின் உட்புறத்திலும் எஞ்சின் மூடியிலும் சூடு தாங்கும் அட்டை ஒட்டலாம். ஒரு சின்ன மின்விசிறி வைக்கலாம். தண்ணீர்ப் பாட்டில் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். உச்சி வெயிலில் அரை மணி நேரம் மர நிழலில் வண்டியை நிறுத்தட்டும்.

சரக்கு அரை மணி தாமதமாக வந்தால் நஷ்டம் கொஞ்சம். வண்டி ஓட்டுகிறவர் வீட்டுக்கு வராமல் போனால் அந்த நஷ்டத்தை யாராலும் ஈடு செய்ய முடியாது.