குளிர் வருமுன் கூரை

நீலகிரியில் பனிக்காலம் என்றவுடன் நம் சங்கங்களில் எழும் பேச்சு தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பற்றியதே. பயிருக்கு வரும் கேட்டைக் கணக்கிடுகிறோம். பயிரிடுவோர் குடியிருக்கும் வீட்டிற்கு வரும் கேட்டை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. இக்குறையை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் சிந்திக்க வேண்டுகிறேன்.

சென்ற மார்கழியில் அலுவல் நிமித்தம் உதகமண்டலத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். காலை ஏழு மணிக்கு அங்கத்தினர் ஒருவரது இல்லத்தில் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரவில் மழை இல்லை. கதவும் சன்னலும் அடைக்கப்பட்டிருக்க, நடுவே கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. வீட்டு அம்மையார் தலை வலிக்கிறதென்றார். முதலில் கதவைத் திறக்கச் சொன்னேன்.

மேகமற்ற, காற்று அசையாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, வெளிக்காற்றினும் குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சின் ஈரமும் சமையலின் ஆவியும் அதில் படிந்து துளியாகின்றன. அந்நீரே கைமரங்களை மட்கச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் காயுமுன் உறைபனி இறங்கினால், உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருத்துப் பூச்சை உதிர்க்கிறது. கரியடுப்போ யாவற்றினும் கொடிது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடைத்த அறையில் உறங்குவோர் எழாமலே போவதுண்டு.

பரிகாரங்கள் அரியன அல்ல. தகரத்தின் அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்தல், அவ்விடைவெளியில் காற்றோட வழி வைத்தல், தாழ்வாரத்தை நீட்டுதல், சுவரடியில் நீர் தேங்காது வாய்க்கால் வெட்டுதல், அடுப்பிற்குப் புகைபோக்கி அமைத்தல் ஆகியவையே போதும். உறங்கும் அறையில் கரி மூட்டுதல் அறவே கூடாது. தோடர்களின் பழைய வீடுகளைக் காண்க: மூங்கிலும் பிரம்பும் வளைத்துப் புல் வேய்ந்த தடித்த கூரை, குனிந்து நுழையும் சிறு வாயில். குளிரை அறிந்தோர் கட்டிய வீடுகள் அவை.

இவ்வளவு எளிதாயின் ஏன் செய்யவில்லை? பனிக்காலத்தில் கொழுந்து குறைவு. ஆதலின் கையில் பணமும் குறைவு. தேவை தோன்றும்போது பொருள் இல்லை. கொழுந்து மிகுந்து வரும் சித்திரை, வைகாசியில் தேவை மறந்துவிடுகிறது. இவ்விடைவெளியை நிரப்பவே சங்கம் இருக்கிறது. கோடையில் சிறு தொகையாக வீடு பழுதுபார்க்கும் கடன் அளித்து, கொழுந்து விலையில் தவணையாகப் பிடித்துக்கொள்ளத் துணைவிதியில் இடம் செய்யலாம்.

வீட்டுச் செலவு உற்பத்திச் செலவாகாது என்று சிலர் மறுப்பர். நோயுற்றுப் படுத்தவர் கொழுந்து பறிப்பதில்லை; கடனும் கட்டுவதில்லை. சமவெளியிலுள்ள நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மழைநாளில் தறிக்குழியில் நீர் ஊறினால் வீடும் தொழிலும் ஒருங்கே நிற்பதை அவர்கள் அறிவர்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இறந்தபின் அளிக்கும் உதவித்தொகையினும், உயிரோடிருக்கையில் அளிக்கும் பலகைக் கடன் சிறந்தது.